வழிவிட்டு நின்ற நிலையம்

தேக்கா சந்தையை ஒட்டி, சிராங்கூன் ரோடு முனையில் தொடங்கும் புக்கிட் தீமா ரோடு சிங்கப்பூரின் நீளமான சாலைகளில் ஒன்று. லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்தின் முகவரியே அந்தச் சாலையில்தான் இருக்கிறது. கால்வாயைப் பார்த்துக்கொண்டே மேற்கே போனால் நியூட்டன், பூமலை, சிக்ஸ்த் அவென்யூ என்று வரிசையாக வந்து, கிங் ஆல்பர்ட் பார்க் அருகே சாலைக்குக் குறுக்கே உயரமான ஓர் இரும்புப் பாலம் தெரியும். அந்தப் பாலத்தின் மேல் இன்று ரயில் ஓடுவதில்லை. பாலத்தில் ஏறித் தெற்கே கொஞ்ச தூரம் நடந்தால், மரங்களுக்கு நடுவே செங்கல் சுவரும் ஓட்டுக்கூரையுமாகச் சிறிய கட்டடம் ஒன்று நிற்கிறது. அதுதான் புக்கிட் தீமா ரயில் நிலையம்.

தஞ்சோங் பகார் நிலையத்தின் கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள். அதன் முகப்பில் நிற்கும் நான்கு பளிங்குச் சிலைகளையும் உயர்ந்த மண்டபத்தையும் படம் எடுக்காதவர்கள் குறைவு. புக்கிட் தீமாவுக்கு அந்த மாதிரி எதுவும் கிடையாது. அது ஒரு புறநகர் நிலையம். எதிரெதிரே வரும் இரண்டு ரயில்களில் ஒன்றை நிறுத்தி, மற்றதற்கு வழிவிடுவதே அதன் பிரதான வேலை. அந்த வேலையை அது சரியாகச் செய்ததால்தான் ஜோகூரிலிருந்து வந்த ரயில்கள் பத்திரமாகத் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தன. நூற்றாண்டுக்கும் மேலாக நீளும் இந்தப் பாதையின் கதையை அந்தச் சிறிய நிலையத்தில் நின்று சொல்வதே நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

டேங்க் ரோட்டில் தொடங்கிய பாதை

சிங்கப்பூரின் முதல் ரயில் பாதை 1903 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. முதல் கட்டமாக டேங்க் ரோட்டிலிருந்து புக்கிட் தீமா வரைதான் ரயில் ஓடியது. அதாவது நாட்டின் முதல் பயணிகள் ரயில் போய் நின்ற கடைசி ஊர் புக்கிட் தீமா. அதே ஆண்டு ஏப்ரலில் பாதை உட்லண்ட்ஸ் கரை வரை நீண்டது. டேங்க் ரோடு, நியூட்டன், குளூனி, ஹாலந்து ரோடு, புக்கிட் தீமா, புக்கிட் பாஞ்சாங், உட்லண்ட்ஸ் என்று தீவைக் குறுக்காக வெட்டிச் சென்ற அந்தப் பாதைக்குச் சிங்கப்பூர்-கிராஞ்சி ரயில்வே என்று பெயர்.

டேங்க் ரோடு என்றதும் தமிழர்களுக்கு ரயில் நினைவுக்கு வராது, முருகன்தான் நினைவுக்கு வருவார். நாட்டுக்கோட்டை நகரத்தார் 1859-ல் கட்டிய தெண்டாயுதபாணி கோயில் அங்கேதான் இருக்கிறது. சிராங்கூன் ரோடு சீனிவாசப் பெருமாள் கோயிலில் புறப்படும் தைப்பூசக் காவடிகள் வந்து சேரும் இடமும் அதுவே. 1903 முதல் 1932 வரை அந்தக் கோயில் இருக்கும் தெருவில்தான் நாட்டின் தலைமை ரயில் நிலையமும் இருந்தது. கோயில் மணியும் எஞ்சின் ஊதலும் ஒரே தெருவில் கேட்டிருக்கும். ஆர்ச்சர்ட் ரோட்டைக் கடக்க அங்கே ஒரு ரயில் பாலமும் இருந்தது. இன்று கடைத்தொகுதிகள் வரிசைகட்டி நிற்கும் அந்தச் சாலைக்கு மேலே நீராவி எஞ்சின் புகைவிட்டுப் போனது என்று சொன்னால் இளையவர்கள் நம்பத் தயங்குவார்கள்.

எதற்காக இந்தப் பாதை? மலாயாவின் ஈயமும் ரப்பரும் சிங்கப்பூர்த் துறைமுகத்துக்கு வர வேண்டும். அங்கிருந்து அரிசியும் இயந்திரங்களும் ஆட்களும் மலாயாவுக்குப் போக வேண்டும். 1909-ல் ஜோகூர் மாநில ரயில்வே கெமாஸ் வரை முடிந்தபோது, ஜோகூர் பாருவில் ஏறினால் பினாங்குக்கு எதிர்க்கரையான பிறை வரை ரயிலிலேயே போக முடிந்தது. நடுவே ஒரே ஒரு தடை ஜோகூர் நீரிணை. உட்லண்ட்ஸில் இறங்கி, படகில் கடலைக் கடந்து, அக்கரையில் மறுபடி ரயில் ஏற வேண்டும். சரக்குப் பெட்டிகளைத் தூக்கிச்செல்லத் தனி மிதவைகள் இருந்தன.

தமிழ்நாட்டுப் பயணிகளுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னையிலிருந்து புறப்பட்ட போட் மெயில் தனுஷ்கோடியில் நிற்கும். அங்கே கப்பல் ஏறினால் தலைமன்னாரில் கொழும்பு ரயில் காத்திருக்கும். தனுஷ்கோடிக்குப் போன அந்தப் பாதையும் மலாயாப் பாதையும் ஒரே மீட்டர் கேஜ் அளவில் போடப்பட்டவை. நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து மலாயாவில் தண்டவாள வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஊரில் பார்த்த அதே அகலத் தண்டவாளத்தைத்தான் இங்கேயும் பார்த்தார்கள்.

1918-ல் சிங்கப்பூர்ப் பாதையை மலாய்க் கூட்டரசு ரயில்வே வாங்கியது. இந்தக் கைமாற்றம் அன்று வெறும் நிர்வாக விஷயமாகத் தோன்றியிருக்கும். பின்னாளில் இரண்டு நாடுகளுக்கிடையே இருபது ஆண்டுகள் நீண்ட நிலப் பேச்சுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. தண்டவாளம் கிடந்த நிலம் நீண்ட காலக் குத்தகையில் ரயில்வேயின் கைக்குப் போனது.

அடுத்து வந்தது கடற்பாலம். புலாவ் உபினிலும் புக்கிட் தீமாவிலும் வெட்டிய கருங்கல்லைக் கடலில் கொட்டி, ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்துக்கு அணை கட்டினார்கள். 1923 செப்டம்பரில் சரக்கு ரயில்களும், அக்டோபர் 1 முதல் பயணிகள் ரயில்களும் அதில் ஓடத் தொடங்கின. 1924 ஜூன் 28 அன்று முறைப்படி திறப்பு விழா நடந்தது. புக்கிட் தீமாவின் கல்லே புக்கிட் தீமா வழியாக ஓடிய ரயிலுக்குக் கடலில் பாதை போட்டுக் கொடுத்தது.

இடம் மாறிய தண்டவாளம்

கடற்பாலம் வந்ததும் போக்குவரத்து பெருகியது. பழைய பாதையின் குறை அப்போதுதான் கண்ணை உறுத்தியது. நகருக்குள் அது பல சாலைகளைத் தரைமட்டத்தில் குறுக்கிட்டது. ரயில் வரும்போதெல்லாம் கேட்டை மூடினால் மோட்டார் வண்டியும் மாட்டு வண்டியும் ரிக்‌ஷாவும் தேங்கி நிற்கும். துறைமுகத்துக்கும் நேரடியான, வசதியான இணைப்பு இல்லை. எனவே புக்கிட் தீமாவிலிருந்து தெற்கே முற்றிலும் புதிய தடத்தில் பாதையைத் திருப்ப முடிவு செய்தார்கள். குயின்ஸ்டவுன் பக்கமாக இறங்கி, கெப்பல் துறைமுகத்தின் அருகே தஞ்சோங் பகாரில் முடியும் புதிய பாதை 1932-ல் தயாரானது.

1932 மே 2 அன்று ஆளுநர் செசில் கிளமெண்டி தஞ்சோங் பகார் நிலையத்தைத் திறந்துவைத்தார். ஸ்வான் அண்ட் மெக்லாரன் நிறுவனத்தைச் சேர்ந்த பெட்ரோவிச் என்ற கட்டடக் கலைஞர் அதை வடிவமைத்தார். வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில் ஆகிய நான்கையும் குறிக்கும் சிலைகள் முகப்பில் எழுந்தன. டேங்க் ரோடு நிலையம் ஓய்வுபெற்றது. நியூட்டன், குளூனி, ஹாலந்து ரோடு நிலையங்கள் பயணிகளை இழந்து மறைந்துபோயின. பழைய பாதையிலிருந்து புதிய பாதைக்கு இடம்பெயர்ந்து பிழைத்த பெயர்களில் புக்கிட் தீமாவும் ஒன்று. அதே 1932-ல் புதிய தடத்தில் அதற்கும் புதிய கட்டடம் எழுந்தது. பெரிய நிலையத்துக்குச் சிலைகள் கிடைத்தன, சின்ன நிலையத்துக்கு ஒரு மேடையும் சிக்னல் அறையும் ஊழியர் குடியிருப்பும் கிடைத்தன. சாலைகளுக்கு மேலே ரயிலைத் தூக்கிச்செல்ல, நிலையத்துக்கு வடக்கே இரண்டு இரும்புப் பாலங்களும் எழுந்தன. இன்றும் அவை நிற்கின்றன.

ஒரு சாவியின் காவல்

ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு ரயில்கள் ஓட வேண்டும். அவை மோதாமல் இருக்க என்ன வழி? புக்கிட் தீமா தன் வாழ்நாள் முழுக்கப் பதில் சொன்ன கேள்வி இது.

அந்தப் பதில் ஓர் உலோகச் சாவி. அதை டோக்கன் என்பார்கள். ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடைப்பட்ட தண்டவாளத்தை ஒரு பிரிவு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு முனையிலும் கனமான ஒரு கருவி இருக்கும். இரண்டும் மின்கம்பியால் இணைந்தவை. கருவிக்குள் பல சாவிகள் அடுக்கப்பட்டிருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். அதையும் ஸ்டேஷன் மாஸ்டர் தன் இஷ்டத்துக்கு எடுக்க முடியாது. அடுத்த நிலையத்துக்கு மணிச் சைகையால் சேதி சொல்லி, அங்கிருப்பவர் தன் கருவியை இயக்கிச் சம்மதம் தந்தால்தான் இங்கே சாவி விடுபடும். ஒரு சாவி வெளியே வந்துவிட்டால் இரண்டு கருவிகளும் பூட்டிக்கொள்ளும். ரயில் அந்தச் சாவியோடு மறுமுனைக்குப் போய், அதைக் கருவிக்குள் திருப்பிப் போடும்வரை வேறு எந்த ரயிலுக்கும் அந்தப் பிரிவில் அனுமதி கிடையாது. சாவி யார் கையிலோ, பாதை அவர் வசம்.

சாவியைக் கைமாற்றும் காட்சியைப் பார்ப்பதற்காகவே கடைசி ஆண்டுகளில் பலர் கேமராவோடு புக்கிட் தீமாவுக்கு வந்தார்கள். சாவியைத் தோல் பையில் போட்டு, பெரிய பிரம்பு வளையம் ஒன்றில் கட்டியிருப்பார்கள். ரயில் நிலையத்தில் நிற்காது. வேகத்தைக் குறைத்துக்கொண்டு மேடையை நெருங்கும். நிலைய ஊழியர் தண்டவாளத்தின் ஓரத்தில் கையை நீட்டிப் புதிய வளையத்தைப் பிடித்தபடி நிற்பார். எஞ்சினிலிருந்து வெளியே சாய்ந்திருக்கும் ஆள், கடந்து வந்த பிரிவின் வளையத்தைக் கீழே விட்டுவிட்டு, புதிய வளையத்துக்குள் தன் கையை நுழைத்துத் தோள்வரை வாங்கிக்கொள்வார். எல்லாம் சில நொடிகள்தான். பிறகு ஊழியர் பழைய வளையத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய், சாவியைக் கருவியில் போட்டுத் திருப்பி, மணியடித்து அடுத்த நிலையத்துக்குத் தெரிவிப்பார். வளையம் வட்டமாகவும் பெரிதாகவும் இருப்பதற்குக் காரணம், ஓடும் ரயிலில் இருப்பவர் விரல்களால் பற்ற வேண்டியதில்லை, கை உள்ளே போனால் போதும் என்பதே. தீவு முழுக்கக் கணினி வந்த பிறகும், 2011 வரை சிங்கப்பூர் மண்ணில் இந்தக் கைமாற்றம் நடந்தது. அது நடந்த கடைசி இடம் புக்கிட் தீமா.

இரண்டு ரயில்கள் இங்கே சந்திக்க நேர்ந்தால் ஒன்று கிளைத் தண்டவாளத்துக்கு ஒதுங்கும். நிலையத்தில் இருந்த நெம்புகோல்களை இழுத்தால், தொலைவில் தண்டவாள முனை நகர்ந்து வழி மாறும், கைகாட்டி இறங்கும். நெம்புகோல்கள் தப்பாத வரிசையில்தான் அசையும்படி இயந்திரப் பூட்டு உண்டு. எதிர் ரயில் கடந்துபோனதும் ஒதுங்கி நின்றது புறப்படும். காத்திருந்த பயணிகள் ஜன்னல் வழியே ஐந்து பத்து நிமிடம் அந்த மேடையைப் பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான். அங்கே நடந்த வேலை அவர்கள் கண்ணில் பட்டிருக்காது.

குதிரைகளும் சரக்கும்

வழிவிடுவது போக, இந்த நிலையம் செய்த சேவைகள் வேறு சிலவும் உண்டு. அவற்றில் ஒன்று நேராக லிட்டில் இந்தியாவிலிருந்து கிளம்புகிறது. ரேஸ் கோர்ஸ் ரோட்டில் வாழை இலைச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்பவர்கள் அந்தப் பெயரின் காரணத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம். சிங்கப்பூரின் முதல் குதிரைப் பந்தயத் திடல் ஃபேரர் பார்க்கில்தான் இருந்தது. இடம் போதாமல், பந்தயக் கழகம் அந்த நிலத்தை விட்டுவிட்டு 1933-ல் புக்கிட் தீமாவில் புதிய திடலைத் திறந்தது. அது திறந்தபோது புதிய ரயில் நிலையத்துக்கு ஒரு வயதுதான். கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு என்று மலாயாவெங்கும் பந்தயங்கள் நடக்கும். பந்தயக் குதிரைகள் ரயிலில் ஊர் ஊராகப் போகும். சிங்கப்பூரில் அவை ஏறவும் இறங்கவும் புக்கிட் தீமா நிலையமே வசதியாக இருந்தது.

புக்கிட் தீமா திடல் 1999-ல் கிராஞ்சிக்கு மாறியது. கிராஞ்சியிலும் 2024 அக்டோபர் 5 அன்று கடைசிப் பந்தயம் நடந்து முடிந்தது. ஃபேரர் பார்க்கில் தொடங்கிய அந்த விளையாட்டு இப்போது சிங்கப்பூரில் இல்லை. ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர்ப்பலகை மட்டும் தேக்காவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இன்னொரு சேவை தொழிற்சாலைகளுக்கு. 1960-களின் நடுவில் ஜூரோங் தொழிற்பேட்டை வளர்ந்தபோது, புக்கிட் தீமா நிலையத்திலிருந்து அங்கே ஒரு சரக்குக் கிளைப்பாதை போட்டார்கள். இளம் நாட்டின் புதிய ஆலைகளை மலாயாவோடு தண்டவாளத்தால் இணைப்பதே நோக்கம். லாரிகள் பெருகின, நல்ல சாலைகள் வந்தன, ரயிலில் சரக்கு குறைந்தது. 1990-களின் தொடக்கத்தில் அந்தக் கிளை ஓய்ந்தது. கிளமெண்டியில் சன்செட் வே அருகே நிற்கும் பழைய ரயில் பாலம் அந்தக் கிளையின் மிச்சம்.

பாதையைக் காத்தவர்கள்

மலாயா ரயில்வேயில் தமிழர்கள் இல்லாத துறையைத் தேடிப் பார்ப்பது கடினம். தண்டவாளம் போட்டதிலும், ஜல்லியைச் சரிசெய்ததிலும், கட்டை மாற்றியதிலும் தென்னிந்தியக் கூலித் தொழிலாளர்களின் உழைப்பு இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலம் படித்து வந்தவர்கள் எழுத்தர்களாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் பணியாற்றினார்கள். கோலாலம்பூர் செந்தூல் பட்டறையைச் சுற்றி ஒரு தமிழ்க் குடியிருப்பே வளர்ந்தது. ஒரு பாதையின் மேல்நிலை வேலைக்கும் அடிநிலை வேலைக்கும் தமிழ் பேசும் இரண்டு கூட்டங்கள் வெவ்வேறு கரைகளிலிருந்து வந்து சேர்ந்தன. சம்பளம், வீடு, மரியாதை எல்லாவற்றிலும் அவர்களுக்கிடையே தூரம் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சிங்கப்பூரில் அவர்கள் விட்டுச்சென்ற அடையாளத்தைக் குயின்ஸ்டவுனில் பார்க்கலாம். காமன்வெல்த் டிரைவில் இன்று பெரிய கோபுரத்தோடு இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயில், 1930-களில் தண்டவாள ஓரத்தில் ரயில்வேத் தொழிலாளர்கள் வணங்கிய சிறு குடிலிலிருந்து வளர்ந்தது. வெயிலிலும் மழையிலும் தண்டவாளத்தில் நடந்து பழுது பார்த்தவர்கள் எல்லைக் காவல் தெய்வமான முனீஸ்வரனைத் துணைக்கு வைத்துக்கொண்டதில் வியப்பில்லை. தஞ்சோங் பகார் சிலைகளுக்கு ஈடாக வைத்துப் பேசத்தக்க ரயில்வே நினைவுச்சின்னம் அது. இத்தாலியில் செதுக்கிய பளிங்கு அங்கே, கூலிக்கு வந்தவர்கள் கைக்காசு போட்டு எழுப்பிய கோயில் இங்கே.

போர்க்காலத் தண்டவாளம்

1942 ஜனவரி 31 அன்று பின்வாங்கிய படைகள் கடற்பாலத்தை உடைத்தன. பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் புக்கிட் தீமாவைச் சுற்றிக் கடும் சண்டை நடந்தது. பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ் படைகள் ஜப்பானியரிடம் சரணடைந்த ஃபோர்டு தொழிற்சாலை, அப்பர் புக்கிட் தீமா ரோட்டில், இந்த ரயில் பாதையின் ஓரத்திலேயே இருக்கிறது. அடுத்த இரண்டு நாளில் இந்தியப் படைவீரர்களைப் பிரிட்டிஷ் வீரர்களிடமிருந்து பிரித்து ஃபேரர் பார்க்கில் கூட்டினார்கள். இந்திய தேசிய ராணுவத்தின் கதை அந்தத் திடலில் தொடங்குகிறது.

தண்டவாளத்துக்கு அடுத்து வந்த வேலை கொடியது. தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதையில் வேலை வாங்க, பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகளைச் சரக்குப் பெட்டிகளில் அடைத்து, சிங்கப்பூரிலிருந்து தாய்லாந்தின் பான் போங் வரை ஏற்றிச்சென்றார்கள். நாட்டில் இருந்தது ஒரே பாதை. எனவே அந்த ரயில்கள் ஒவ்வொன்றும் புக்கிட் தீமா மேடையைக் கடந்துதான் போயிருக்க வேண்டும். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்களும் இதே ரயில்வேயின் வடக்குப் பாதைகளில் அதே வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் காஞ்சனபுரியில் இருக்கின்றன. தமிழர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பெயரே எங்கும் இல்லை. ரயில்வே வரலாறு எழுதும் எவரும் இந்த வேறுபாட்டைக் கடந்து போகக்கூடாது.

இரண்டு நாடுகளின் நடுவே

1965 ஆகஸ்ட் 9 அன்று சிங்கப்பூர் தனி நாடானது. நாடு பிரிந்தாலும் தண்டவாளம் பிரியவில்லை. தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை பாதையும் நிலையங்களும் மலேசிய ரயில்வேயின் வசமே இருந்தன. புக்கிட் தீமா நிலையத்தில் பணியாற்றியவர்கள் மலேசிய ரயில்வேயான கேடிஎம்மின் ஊழியர்கள். கிராஞ்சி ரோடு, சுங்கை காடுட், சுவா சூ காங் ரோடு, கோம்பாக் டிரைவ் ஆகிய இடங்களில் ரயில் வரும்போது சாலையை மறித்துக் கேட் போட்டவர்களும் அவர்களே.

பயணிகளுக்கும் இதில் விசித்திரமான அனுபவங்கள் கிடைத்தன. ஒரே பயணத்துக்குச் சிங்கப்பூரில் சீட்டு வாங்கினால் வெள்ளியிலும், ஜோகூரில் வாங்கினால் அதே எண்ணிக்கையை ரிங்கிட்டிலும் கொடுக்க வேண்டும். எனவே சிக்கனம் பார்ப்பவர்கள் ஜோகூருக்குப் போய் ரயில் ஏறினார்கள். 1998 ஆகஸ்டில் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாற்றியது. மலேசியச் சோதனை தஞ்சோங் பகாரிலேயே நீடித்தது. இதனால் மலேசியாவுக்குள் நுழைந்துவிட்டதற்கான சோதனை முதலில் முடியும், சிங்கப்பூரை விட்டுக் கிளம்பும் சோதனை பிறகு உட்லண்ட்ஸில் நடக்கும்.

1990-ல் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் இயூவும் மலேசிய நிதியமைச்சர் டாயிம் சைனுதீனும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இந்த நிலத்தைப் பற்றியதே. அதன் பொருளில் இரு தரப்பும் ஒத்துப்போக இருபது ஆண்டுகள் ஆயின. 2010 மே மாதம் இரு நாட்டுப் பிரதமர்களான லீ சியன் லூங்கும் நஜிப் ரசாக்கும் உடன்பாடு கண்டார்கள். தஞ்சோங் பகார், கிராஞ்சி, உட்லண்ட்ஸ், புக்கிட் தீமா ரயில்வே நிலங்களுக்கு ஈடாக மரினா சவுத்திலும், ரோச்சோர் பக்கம் ஓபிர் ரோட்டிலும் நிலம் தரப்பட்டது. லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போய்ப் பார்க்கக்கூடிய டுவோ இரட்டைக் கோபுரங்கள் அந்தப் பரிமாற்றத்தில் பிறந்தவை.

2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் கிளம்பியது. ஜோகூர் சுல்தான் இப்ராகிம் அதை ஓட்டிச்சென்றார். கடற்பாலம் திறந்த காலத்தில் ஆட்சியில் இருந்த சுல்தான் இப்ராகிம் அவருடைய கொள்ளுத்தாத்தா. வழிநெடுக மக்கள் திரண்டு நின்று கையசைத்தார்கள். புக்கிட் தீமா நிலையத்தின் பணி அன்றோடு முடிந்தது. ஒரு மாதம் முன்பே, 2011 மே 27 அன்று, அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்திருந்தார்கள்.

தண்டவாளம் போன பிறகு

இரும்பைப் பெயர்த்து மலேசியாவிடம் ஒப்படைத்த பிறகு, தீவின் தெற்கிலிருந்து வடக்கு வரை சுமார் 24 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பசுமையான வெட்டவெளி மிஞ்சியது. அதை வீடுகளுக்கும் சாலைகளுக்கும் துண்டு போட்டிருந்தால் யாரும் தடுத்திருக்க முடியாது. சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் 2010-லேயே, பாதை மூடுவதற்கு முன்பே, அதை முழுதாகக் காப்பாற்ற வேண்டும் என்ற திட்டத்தை முன்வைத்தது. மக்களும் ஆதரித்தார்கள். இன்று அது நடப்பவர்களும் மிதிவண்டிக்காரர்களும் பறவைகளும் பகிர்ந்துகொள்ளும் ரயில் காரிடார்.

புக்கிட் தீமா நிலையத்தைச் செப்பனிட்டு 2022 ஜூலை 1 அன்று மீண்டும் திறந்தார்கள். மேடையோரம் சிறிது தூரத்துக்குத் தண்டவாளத்தை அப்படியே வைத்திருக்கிறார்கள். ஊழியர் குடியிருப்பு காபிக்கடை ஆகியிருக்கிறது. வார இறுதியில் குழந்தைகள் தண்டவாளக் கட்டைகளில் தாவி விளையாடுகிறார்கள். நல்ல பராமரிப்பு, மனநிறைவு தரும் இடம்.

இதற்கிடையே ரயிலும் இந்தப் பக்கம் திரும்பி வந்துவிட்டது. 2015 டிசம்பர் 27 அன்று டௌன்டவுன் பாதையின் இரண்டாம் கட்டம் திறந்தது. புக்கிட் பாஞ்சாங், கிங் ஆல்பர்ட் பார்க், நியூட்டன் என்று அது பூமிக்கடியில் தொடும் ஊர்களைப் பாருங்கள். 1903-ல் போட்ட பழைய பாதை சென்ற பகுதிகள் அவை. அன்று நியூட்டனிலிருந்து டேங்க் ரோட்டுக்குத் திரும்பிய ரயில் இன்று லிட்டில் இந்தியாவுக்கு வருகிறது. தேக்காவில் காய்கறி வாங்கியவர் ஆறாவது நிறுத்தத்தில் இறங்கினால் புக்கிட் தீமா நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம். 2003-ல் வந்த வடகிழக்குப் பாதையும் இந்த டௌன்டவுன் பாதையும் லிட்டில் இந்தியாவில் சந்திக்கின்றன. இரண்டிலும் ஓட்டுநர் கிடையாது. ஒரு ரயில் இருக்கும் இடத்துக்குள் இன்னொரு ரயிலை அனுமதிக்காத வேலையைக் கணினி செய்கிறது. புக்கிட் தீமாவில் ஒரு மனிதர் கையை நீட்டிப் பிரம்பு வளையத்தோடு நின்று காத்த விதியும் அதுவேதான்.

கட்டடத்தைக் காப்பாற்றிவிட்டோம், பாதையைப் பசுமையாக வைத்திருக்கிறோம். வேலை செய்தவர்களின் நினைவைத்தான் இன்னும் போதுமான அளவு சேர்த்து வைக்கவில்லை. டோக்கன் வாங்கியவர், நெம்புகோல் இழுத்தவர், கேட் மூடியவர், ஜல்லி அள்ளியவர் ஆகியோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சிங்கப்பூரிலும் ஜோகூரிலும் செந்தூலிலும் நம்மோடு இருக்கிறார்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் இப்படிப்பட்ட குரல்களைப் பதிவு செய்து வருகிறது. கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. வீட்டில் ரயில்வேச் சீருடைப் பித்தான், சம்பளச் சீட்டு, நிலையத்தின் முன் நின்று எடுத்த படம் என்று எது இருந்தாலும் அது வரலாறு. தாத்தா எந்த நிலையத்தில் வேலை பார்த்தார், எந்த நேரத்துக்கு எழுந்து போனார், எது அவரைப் பயமுறுத்தியது என்று கேட்டு எழுதி வையுங்கள். சயாம் ரயிலுக்குப் போன தமிழர்களின் பெயர்களை நாம் இழந்துவிட்டோம். புக்கிட் தீமா பாதையைக் காத்தவர்களின் பெயர்களையும் இழக்க வேண்டியதில்லை. அவற்றைச் சொல்லக்கூடியவர்கள் உயிரோடு இருக்கும்போதே போய்க் கேட்பது நம் தலைமுறையின் கடமை.